வழிகாட்டியின் ஒருநாள் உரை: திருகோணமலைச் சுற்றுலா பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஊர் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டி சொல்லும் கதையை நாம் இலக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது அச்சில் வருவதில்லை, ஆசிரியர் பெயரும் அதற்கு இல்லை, வேன் நின்றதும் முடிந்துவிடுகிறது. ஆயினும் திருகோணமலையின் வரலாற்றை நூல்களில் வாசித்தவர்களைவிட, கோட்டை வாசலில் நின்று ஒருவர் சொல்லக் கேட்டவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அப்படியாயின் அந்த உரையையும் ஒரு பிரதியாக எடுத்து, அதன் அமைப்பையும் மௌனங்களையும் பார்ப்பது விமர்சகனின் வேலைதான்.

சென்ற பாடசாலை விடுமுறையில் கண்டிப் பக்கமிருந்து உறவுக்காரர் வந்திருந்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர். ஒரு வேனும் ஒரு வழிகாட்டியும் பேசி, ஒருநாள் சுற்றுலா. நான் கிண்ணியாக்காரன், கோணேசர் மலையைக் கடலுக்கு அப்பால் பார்த்து வளர்ந்தவன். காசு கொடுத்து என் மாவட்டத்தை இன்னொருவர் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. காலையில் பிரட்ரிக் கோட்டை, கோணேசர் கோயில், சுவாமி மலை. பகல் சாப்பாட்டுக்குக் கிண்ணியா. பிறகு கன்னியா வெந்நீரூற்று, கடைசியாக நிலாவெளிக் கடற்கரை.

வழிகாட்டி கெட்டிக்காரர். மூன்று மொழியிலும் பகிடி விடத் தெரிந்தவர். பிள்ளைகள் மானுக்குப் பின்னால் ஓடிய நேரத்திலும் பெரியவர்களின் கவனத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தார். ஆண்டுகள் பெரும்பாலும் சரியாகவே வந்தன: 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது, 1639இல் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தது, 1782இல் பிரெஞ்சுக்காரர் கொஞ்சக் காலம் வைத்திருந்தது, 1795இல் ஆங்கிலேயர் வந்தது. ஆகவே என் விமர்சனம் தகவல் பிழை பற்றியதல்ல. அந்த உரையின் இலக்கணம் பற்றியது. அவர் கதையில் ஒவ்வொரு நினைவுச் சின்னத்துக்கும் ஒரேயொரு சொந்தக்காரர் இருந்தார். கோயில் தமிழருக்கு, கோட்டை வெள்ளைக்காரருக்கு, விகாரை சிங்களவருக்கு, வெந்நீர் இராவணனுக்கு. சோனகருக்குப் பகல் சாப்பாடு. "கிண்ணியாவில நல்ல ஹலால் சாப்பாடு இருக்கு சேர்" என்றார். அதைத் தவிர நாங்கள் அந்த உரையில் எங்கும் வரவில்லை.

கோட்டையையே எடுத்துக்கொள்வோம். இடித்த கோயிலின் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டை அது. வாசல் கல்லில் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் இன்றும் நிற்கின்றன. போர்த்துக்கேயர் கட்டி, டச்சுக்காரர் திருத்தி, 1803இல் ஆங்கிலேயர் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரை வைத்து, இன்று நம் நாட்டு இராணுவம் இருக்கும் இடம். ஒரே சுவரில் இத்தனை பேரின் கை இருக்கிறது. வழிகாட்டி அந்தக் கல்லைத் தாண்டி நேரே மான்களிடம் போனார். கல்லைக் காட்டினால், 'இது யாருடையது' என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வராது. அவருடைய இலக்கணத்தில் அதற்கு இடமில்லை.

சுவாமி மலையில் அவர் அதிக நேரம் செலவழித்தது பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண்ணின் கதைக்கு. காதலன் கப்பலேறிப் போக, அவள் மலை உச்சியிலிருந்து கடலில் குதித்தாள். அவள் நினைவாக 1687இல் தகப்பன் தூண் நாட்டினார் என்பது கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் தெனன்ற் போன்றோர் எழுதிப் பரப்பியது. தூண் உண்மை, அதில் பெயரும் ஆண்டும் இருப்பதும் உண்மை. ஆனால் அவள் குதித்துச் சாகவில்லை, சில ஆண்டுகள் கழித்து மணம் முடித்து வாழ்ந்தாள் என்று டச்சுப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் காட்டிவிட்டார்கள். அந்தத் தூணும் இடிந்த கோயிலின் தூண் என்றே சொல்லப்படுகிறது. இவ்வளவும் சேர்த்துச் சொன்னால் கதை சுவை குறையுமா? என் மதிப்பீட்டில் கூடும்.

கதை முடிந்ததும் எங்கள் கூட்டத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையொன்று கேட்டது: "அங்கிள், இஞ்ச எங்கட ஆக்கள் ஒருத்தரும் மௌத்தாகல்லையா?" எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்துவிட்டு, கீழே கடலில் போன படகொன்றைக் காட்டினார்.

மௌத்தாகியிருக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நிக்கல்சன் கோவ் என்ற சிறு குடாவில் கிடைத்த மீஸான் கல் ஒன்று ஹிஜ்ரி 729 துல்ஹஜ் பிறை 1 என்று நாளைச் சொல்கிறது. கிறிஸ்தவக் கணக்கில் 1329 செப்தெம்பர் 26. இறந்தவர் ஒரு பெண். தலைவர் பத்ருத்தீன் ஹுஸைன் பின் அலீ அல்-ஹலபியின் மகள். ஹலப் என்பது சிரியாவின் அலெப்போ நகரம். சிரியாவில் வேர்கொண்ட குடும்பமொன்று போர்த்துக்கேயர் வருவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தத் துறைமுகத்தில் தன் பிள்ளையை அடக்கியிருக்கிறது. வாணிபத்துக்கு வந்துபோன ஆண்களின் தடயமாக மட்டும் இதைக் கொள்ள முடியாது. மகளோடு வாழ்ந்த வீடு ஒன்று இங்கே இருந்திருக்க வேண்டும். இரண்டு கற்களும் இரண்டு தகப்பன்மாரின் மகள்களைப் பற்றியவை. டச்சு மகளுக்குப் பெயர் இருக்கிறது, இல்லாத சாவும் கிடைத்தது. உண்மையாகவே இறந்த ஹலபியின் மகளை ஆய்வுக் குறிப்புகள் 'இன்னாரின் மகள்' என்பதோடு நிறுத்துகின்றன. சுற்றுலா வேன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

இந்தக் கல் நாட்டப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1344இல், இப்னு பதூதா இலங்கையில் இறங்கினார். திருகோணமலைக்கு அவர் வரவில்லை. மேற்குக் கரையில் புத்தளம் பக்கம் இறங்கி மலைக்குப் போனவர். ஆனாலும் நம் விடயத்துக்கு அவர் மிக அவசியம். அவருடைய இலங்கைப் பயணமும் வழிகாட்டிகளுடன் போன பயணம்தான். பாவாத மலை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்க, ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்குக் கொடுத்தார். கூடவே ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிம் பயணியை, இந்து அரசனொருவன், யோகிகளையும் பிராமணர்களையும் கூட்டி, பௌத்தர்களும் போற்றும் மலைக்கு அனுப்புகிறான். அந்த மலையில் பதிந்திருப்பது ஆதம் நபியின் பாதம் என்பது பயணியின் நம்பிக்கை. கூட வந்தவர்களின் நம்பிக்கை வேறாக இருந்திருக்கும். ஒரே பாதையில் எல்லாரும் நடந்தார்கள்.

குனகார் என்று அவர் எழுதும் தலைநகரத்தில் (குருநாகல் என்பர் சிலர்) ஷீறாஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசலைச் சொல்கிறார். பாவாத மலைக்கு வழிகாட்டியாக இருந்தவர் அந்த ஷெய்குதான். அரசனும் குடிகளும் அவரைத் தரிசித்து மரியாதை செய்தார்கள். ஆனால் பசு அறுத்த குற்றத்துக்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் துண்டிக்கப்பட்டன. கொலைத் தண்டனைக்குரிய குற்றம். அவர்மீது இருந்த மதிப்பினால் உயிரை விட்டார்கள், ஒரு சந்தையின் வருமானத்தையும் கொடுத்தார்கள். அவரால் நடக்க முடியாமற் போனபின் பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டிகளானார்கள்.

சுற்றுலா வழிகாட்டி என்ற தொழிலுக்கு இந்நாட்டில் கிடைக்கும் பழைய சித்திரங்களில் இதுவும் ஒன்று. மரியாதையும் வெட்டுக் காயமும் ஒரே பத்தியில் நிற்கின்றன. இப்னு பதூதா இரண்டில் ஒன்றை விட்டுவிடவில்லை. 'இவர்கள் எங்களை மதித்தார்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது தூதரகக் கையேடு. 'எங்கள் கையை வெட்டினார்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வழக்கு மனு. றிஹ்லாவும் வாயால் சொன்ன பிரதிதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஊர் திரும்பிய பின் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸைய் எழுதினார். வாய்ப்பேச்சு என்பதால் தரம் குறைய வேண்டியதில்லை.

நம் வழிகாட்டியின் உரையில் காயமே இல்லை. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது, நீளம் 396 மீற்றர், சவூதி உதவி, 2009இல் திறந்தது என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டி முடியாமல் கிடக்க, மிதவைப் படகில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் 2021 நொவெம்பர் 23இல் நீரில் மூழ்கியதை அவர் சொல்லவில்லை. உல்லாசப் பயணிக்கு ஏன் அந்தச் சோகம் என்று கேட்கலாம். டச்சுக்காரியின் சாவைப் பதினைந்து நிமிடம் சொன்னவரிடம் அந்த நியாயம் செல்லாது.

இனி நம் பக்கம். வழிகாட்டி எங்களை விட்டுவிட்டார் என்று குறைப்படும் நாம் எழுதும் வரலாறு எப்படி இருக்கிறது? அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியிட்ட கட்டுரையை நாம் விடாமல் எடுத்தாள்கிறோம். கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்குத் தப்பிவந்த ஹாஷிம் குலத்தார் இலங்கைக் கரையில் எட்டு இடங்களில் குடியேறினர், அவற்றுள் திருகோணமலையும் ஒன்று என்கிறது அது. ஜோன்ஸ்டன் அதைத் தாம் கேட்ட மரபுச் செய்தியாக எழுதினார். நாமோ கல்வெட்டு போலப் பாவிக்கிறோம். மரபுக்கு மரபின் மதிப்பைக் கொடுக்கலாம்; மீஸான் கல்லுக்குரிய மதிப்பை அதற்குக் கொடுக்க முடியாது. நம் ஊர் மலர்கள் பலவற்றில் ஹாஷிம் குலத்தார் முதற்பக்கத்திலேயே வந்துவிடுகிறார்கள், ஹலபியின் மகள் வருவதில்லை. வந்தாலும் 'நாங்களும் பழைய ஆட்கள்தான்' என்று சொல்வதற்கு ஒரு சாட்சிக் கல்லாகத்தான் வருகிறாள். வழிகாட்டியின் நான்கு பெட்டிகளோடு ஐந்தாவது பெட்டி ஒன்றைச் செய்து கேட்பதுதான் இது. அவருடைய இலக்கணத்தை நாமும் ஏற்றுக்கொண்டோம் என்றுதான் பொருள்.

அந்த இலக்கணம் வேனோடு முடிவதாக இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. ஒரு சின்னத்துக்கு ஒரு சொந்தக்காரர் என்ற கதை இங்கே வேலியாகவும் மாறுகிறது. இராவணன் தாயின் கடனுக்காக வாளால் ஊன்றியதில் ஏழு கிணறு பிறந்தது என்று வழிகாட்டி இனிக்க இனிக்கச் சொன்ன அதே கன்னியா, 2019இல் கோயிலா தாதுகோபமா என்ற பிணக்கில் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் இடங்களுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தபோது, தலைமை பாதுகாப்புச் செயலாளரிடம் போனது. தொடக்கத்தில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. கிழக்கில் மூன்று இனமும் வாழ்கிறது. பழங்கல் யாருடையது என்று முடிவு செய்யும் மேசையில் ஒரு இனம்தான் இருந்தது. வயலுக்கும் மையவாடிக்கும் பக்கத்தில் பழங்கல் கிடக்கும் ஊரார் அன்றைக்குத் தூங்கவில்லை. சுற்றுலாக் கதையும் அந்த வர்த்தமானி அறிவித்தலும் ஒரே வாக்கிய அமைப்பில் எழுதப்பட்டவை.

இந்த அமைப்பை உடைக்கும் சின்னங்கள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன, வேறெங்கும் தேடவேண்டியதில்லை. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை. நாதனார் கோயில் என்று தமிழர் சொன்ன இடம். சோழர் காலத்தில் இராஜராஜப்பெரும்பள்ளி என்ற பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. விளக்கெரிக்கவும் பசுக்களாகவும் கொடுத்த தானங்களைத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே பதிந்து வைத்திருக்கின்றன. தமிழ் பேசிய மனிதர் புத்தருக்கு விளக்கேற்றிய இடத்தை, கோயில் தமிழருக்கு விகாரை சிங்களவருக்கு என்ற கதையில் எங்கே வைப்பது? வடக்கே திரியாயில், கிரிகண்ட சைத்தியத்தின் பாறைக் கல்வெட்டு வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், தபுஸ்ஸ பல்லிகர் பெயர் தாங்கிய வணிகர் கூட்டத்தைச் சொல்கிறது. கடலோடி வணிகர் கட்டிய சைத்தியம். ஹலபி குடும்பம் வந்து இறங்கிய அதே கரையோரத்துக்கு அவர்களுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே பொருளோடு வந்தவர்கள். துறைமுகத்தின் வரலாறு என்று சொல்லத் தொடங்கினால் இவர்கள் எல்லாரும் ஒரே கதைக்குள் வருவார்கள். இனங்களின் வரலாறு என்று தொடங்கினால் ஆளுக்கொரு வேனாகப் பிரிந்து போவார்கள்.

நிலாவெளியில் பிள்ளைகள் கடலில் இறங்கிய பிறகு வழிகாட்டியோடு இதையெல்லாம் பேசிப் பார்த்தேன். மனிதர் கோபிக்கவில்லை. வெல்கம் விகாரைக்குத் தமிழ்க் கூட்டம் கேட்பதில்லை, திரியாய் தூரம், மீஸான் கல் பற்றித் தன் பயிற்சியில் யாரும் சொன்னதில்லை என்றார். "நீங்க எழுதித் தாங்க சேர், நான் சொல்றேன்." எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் தமிழில், ஒரு பக்கம் சிங்களத்தில். பிரான்சினா பிற்பாடு மணம் முடித்தாள் என்ற விடயத்தை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளத் தயங்கினார். "அதைச் சொன்னா சனம் மலையில நிக்காது" என்றார்.