லிஸ்பனுக்கு மலாக்கா வழி

மேசை, அலமாரி, சன்னல், ஏலம், சாவி. மலாக்காவின் ஜாசின் பக்கத்துத் தோட்ட வீடு ஒன்றில் பொழுது விடிந்து அடைவதற்குள் இந்தச் சொற்கள் எத்தனை முறை புழங்கும்! ஐந்தும் போர்த்துகீசியர் விட்டுச் சென்றவை. அதே வீட்டுப் பிள்ளை பள்ளித் தோழனோடு மலாயில் பேசும்போது மெஜா, அல்மாரி, ஜென்டெலா, லெலோங் என்கிறது. அவையும் அதே கப்பலில் வந்து இறங்கியவைதான். சாவி மட்டும் மலாயில் ‘குன்ச்சி’ என்று வேறு வழியில் வந்திருக்கிறது. வீட்டில் புழங்கும் இரண்டு மொழிகளுமே லிஸ்பன் நகரத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அந்த நகரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்தாம் அங்கே அரிது.

ஐரோப்பிய நகரங்களைக் கண்டு மயங்கிய தமிழ் எழுத்து நூறாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. அதை மலாக்காவில் இருந்து படிக்கும்போது வேறொரு பொருள் கிடைக்கிறது. சென்னை வாசகருக்குப் பாரிசும் ரோமும் கடலுக்கு அப்பால் இருப்பவை. மலாக்காக்காரர் ஐரோப்பாவின் எச்சங்களுக்கு நடுவே வளர்கிறார். 1511-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் நகரைப் பிடித்தார். 1641-இல் டச்சுக்காரர் வந்தனர். 1824 ஒப்பந்தம் நகரை ஆங்கிலேயர் கையில் நிலைக்கச் செய்தது. மலாக்காவில் இருந்தபடி கீழ்த்திசை நாடுகளைப் பற்றி எழுதிய போர்த்துகீசியரான தொமே பிரெஸ், இந்தத் துறைமுகத்தின் தலைவிதியை வெனிஸின் தலைவிதியோடு முடிச்சுப் போட்டார். இன்று மலாக்கா ஆற்றுப் படகுகளுக்கு விளம்பரம் செய்பவர்கள் ‘கிழக்கின் வெனிஸ்’ என்கிறார்கள். டச்சு ஆட்சியில் செட்டிச் சமூகத்துக்குக் கிடைத்த நிலத்தில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவிலுக்குப் போகும் வழியில்தான் அந்த ஆறு குறுக்கிடுகிறது.

இந்த ஊரின் முதல் பெரிய பயண எழுத்தாளர் மலாயில் எழுதியவர், ஆனால் தமிழும் அறிந்தவர். 1796-இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, நாகூர்த் தமிழ்ப் பெண்ணை மணந்த யேமன் நாட்டு அரபியர் ஒருவரின் வழிவந்தவர். வணிகக் கணக்குக்கும் பேச்சுக்கும் உதவும் என்று மலாக்காவின் வசதியுள்ள வீட்டார் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பிய காலம் அது. அப்துல்லாவையும் அவருடைய தந்தை அப்படியே அனுப்பினார். 1838-இல் கிளந்தானுக்குப் போன கடற்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் மலாய்ப் பயண இலக்கியத்துக்குப் புது வாசல் திறந்தது. ஐரோப்பாவை அவர் பார்த்ததே இல்லை. ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்த போர்த்துகீசியக் கோட்டையையும், பின்னாளில் ஏறிப் பார்த்த நீராவிக் கப்பலையும் எழுதிய கையில் ஒரு காதலனின் வியப்பு இருக்கிறது. கோட்டை இடிந்ததை ஊரின் அழகே போனதாகச் சொல்லி வருந்தியவர் அவர். ஐரோப்பாவை மலாக்கா மண்ணிலேயே கண்டு மனம் பறிகொடுத்த ஒருவரில் இருந்து இந்தக் கதையைத் தொடங்குவதே சரி.

தோட்டத்து மக்களுக்கு வாய்த்த ஐரோப்பா வேறு. டான் சாய் யான் 1896 வாக்கில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதன்பின் பால்மரம் மாநிலத்தின் முகத்தையே மாற்றியது. விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்து, பால் சுமக்கும் காண்டா வாளி தூக்கி நடந்தவர்களுக்கு லண்டன் என்றால் துரை விடுப்பில் போகும் ஊர். அவர்கள் வெட்டிய பாலுக்கு விலை பேசப்பட்டதும் அங்கேதான், மின்சிங் லேன் என்ற தெருவில். இன்னொரு ஐரோப்பா, திடலில் கட்டிய வெள்ளைத் திரையில் வந்தது. 1969-இல் வெளியான ‘சிவந்த மண்’ படத்துக்காக இயக்குநர் ஸ்ரீதர் தம் குழுவை ஐரோப்பாவுக்கே அழைத்துப் போனார். பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த வீதிகளின் பெயர் தெரிந்திருக்காது, நிறம் மனதில் ஒட்டிக்கொண்டது. பயணச் சீட்டு இல்லாமல் பிறந்த இந்த ஆசையை இலக்கிய வரலாறுகள் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

எழுத்துக்கு வந்தால், ஏ.கே. செட்டியாரைத் தாண்டி யாரும் போக முடியாது. 1940-இல் வந்த ‘உலகம் சுற்றும் தமிழன்’ தமிழருக்கு உலகத்தைப் பக்கத்து வீடாக்கியது. 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கில் இருந்து டப்ளின் நோக்கிப் போன கப்பலில் காந்தியைப் பற்றிய ஆவணப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு எழுந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பிய நகரங்கள் அவருக்குச் சுற்றிப் பார்க்கும் இடங்களாக இல்லை, படச்சுருள் தேடும் இடங்களாயின. யாரிடம் காந்தி படம் இருக்கிறது, எந்த நிலவறையில் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று விசாரித்து அலைந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தைச் சந்தித்தார். இப்படித் திரட்டிய 50,000 அடிப் படச்சுருளில் இருந்து 1940-இல் படம் வெளியாயிற்று. அந்த அலைச்சல் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலில் இருக்கிறது. செட்டியார் தம்மைப் பற்றி அதிகம் பேசமாட்டார், உணர்ச்சியைக் கொட்டமாட்டார். வழியில் கண்ட கடைக்காரரும் வண்டியோட்டியும் இரண்டு வரியில் உயிரோடு நிற்பார்கள். தேடிப் போனவனுக்கு நகரம் தானாகத் திறக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி தமிழில் இல்லை. மலேயாவும் அவருக்குப் புதிதன்று. ‘மலேயா முதல் கனடா வரை’ என்று தம் நூல் ஒன்றுக்குப் பெயரே வைத்தவர் அவர்.

அவருக்குப் பின் வந்தவர்களில் மணியன் பயண எழுத்தைப் பெருவாரியான வாசகர்களிடம் கொண்டுபோனார். ஆனந்த விகடனில் ‘இதயம் பேசுகிறது’ வந்த வாரங்களில் வெளிநாட்டு நகரங்கள் மாதச் சம்பளக்காரர் வீட்டுத் திண்ணைக்கே வந்தன. தி. ஜானகிராமன் ருமேனியாவையும் செக்கோஸ்லோவாகியாவையும் ‘கருங்கடலும் கலைக்கடலும்’ என்று எழுதினார். ஜெயகாந்தன் ‘பாரிஸுக்குப் போ’ நாவலில் நகரத்தை வீட்டுச் சண்டைக்குள் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் பல காலம் வாழ்ந்து சென்னை திரும்பிய நாயகன் சாரங்கனுக்கு இரண்டு மண்ணிலும் கால் பாவவில்லை. பிறகு அந்த நகரங்களிலேயே குடியிருக்கும் தமிழர் எழுதத் தொடங்கினர். ஸ்ட்ராஸ்பூரில் இருந்து நாகரத்தினம் கிருஷ்ணாவும் பாரிசில் இருந்து ஷோபாசக்தியும் எழுதும்போது நகரம் மயக்கும் காதலியாக வருவதில்லை. வாடகை, வேலை, அகதி விண்ணப்பம் ஆகியவற்றோடு வருகிறது.

மலாக்காவுக்கு மிக நெருக்கமானவர் ஒருவர் உண்டு. அவர் சேவியர் தனிநாயகம் அடிகள். 1913-இல் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்து, 1934 முதல் 1939 வரை ரோமில் இறையியல் படித்தார். தமிழை ஆழ்ந்து கற்றது அதற்குப் பிறகுதான், தமிழ்நாட்டின் தெற்கே வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது. ரோமில் தங்கிய இளைஞன் தமிழோடு ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது நகரங்கள் வேறு முகம் காட்டின. லிஸ்பன், பாரிஸ், வத்திக்கான் நூலகங்களில் தமிழின் பழைய அச்சு நூல்கள் இருக்கின்றன என்ற செய்தியைத் தமிழ்ப் படிப்பாளிகளிடம் ஊன்றிச் சேர்த்தவர்களில் அவர் முதன்மையானவர். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு அவர் முயற்சியால் கூடியது. அதே ஆண்டு, 1679-இல் அந்தாம் தெ ப்ரொயென்சாவின் பெயரில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியை, வத்திக்கானில் இருந்த படியைக் கொண்டு மறுபதிப்பாக வெளியிட்டார். ரோமின் அலமாரியில் மூன்று நூற்றாண்டு உறங்கிய புத்தகம் கோலாலம்பூரில் கண் விழித்தது. அவருடைய பயண நூலுக்கு ‘ஒன்றே உலகம்’ என்று பெயர். மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு 1970-இல் கூடியது பாரிசில். தமிழ் நேசன் நாளிதழ் வாங்கிப் படித்த மலேசியக் குடும்பங்களுக்குப் பாரிஸ் தமிழோடு சேர்ந்த பெயராக ஒலித்திருக்கும்.

லைடனையும் இந்தப் பட்டியலில் வைக்க வேண்டும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குச் சோழர் கொடுத்த கொடையைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடுகளுக்கு லைடன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த விகாரத்தைக் கட்டியவன் கடாரத்து அரசன். கடாரம் என்பது இன்றைய கெடா. நாகையும் கெடாவும் சேர்ந்து எழுதிய ஏடுகள் டச்சு நகரம் ஒன்றில் நெடுங்காலம் இருந்தன. மலேசியத் தமிழர் ஒருவர் அந்நாளில் அந்த நகரத்தில் இறங்கியிருந்தால் துலிப் தோட்டத்துக்குப் போகும் முன் எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவை இருந்திருக்காது.

இன்று கட்டணச் சுற்றுலாவில் போய் வருபவர்கள் ஏராளம். ஈபிள் கோபுரம், கோண்டோலா, சுவிஸ் பனி, அதற்கடுத்து இந்திய உணவகம் என்ற வரிசையில் வரும் கட்டுரைகளும் ஏராளம். அவற்றில் நல்ல நடை உண்டு, நகரம் இல்லை. எந்த நகரமும் கேள்வியோடு வருபவரிடம்தான் பேசும். மலாக்காவில் வளர்ந்த தமிழரிடம் அந்தக் கேள்வி பிறவியிலேயே இருக்கிறது. செயின்ட் பால் குன்றில் ஏறினால் சுவரோரம் சாய்த்து நிறுத்திய கல்லறைப் பலகைகளில் போர்த்துகீசிய எழுத்துகளைத் தடவிப் பார்க்கலாம். முத்துக்குளித்துறைத் தமிழரிடையே உழைத்த பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553-இல் சில மாதம் கிடந்த குழி கம்பிக்கூண்டுக்குள் இன்னும் இருக்கிறது. உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் கலப்பு மொழியான கிறிஸ்தாங் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இத்தனையையும் சிறு வயதிலேயே பார்த்துவிட்டு லிஸ்பனுக்குப் போகிறவர், புது ஊருக்குப் போவதில்லை.

சேவியரின் உடல் மலாக்காவை விட்டுக் கோவாவுக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், 1554 பிப்ரவரியில், லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சேறியது. மூன்றாம் ஜான் மன்னரின் ஆணைப்படி வந்த அந்த வழிபாட்டு நூலில் தமிழ் ரோமன் எழுத்தில் இருக்கிறது, போர்த்துகீசியம் உடன் வருகிறது. அச்சேறிய முதல் தமிழ் அதுதான். லிஸ்பனின் பெலெம் பகுதியில் உள்ள அருங்காட்சியகம் அதைக் காத்து வந்தது. அந்த அருங்காட்சியகம் இருக்கும் மடத்திலேயே வாஸ்கோ ட காமாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மலாக்காவுக்குக் கப்பல்கள் புறப்பட்ட கரையும் அதுவே. நூலை ஆக்கியவர்கள் இந்தியர் மூவர்: விசென்ட் டி நாசரே, ஜார்ஜ் கார்வாலோ, தொமே த குரூஸ். ஐரோப்பிய நகரம் ஒன்றில் தங்கி அச்சுக்கு எழுதிய முதல் தமிழர் இவர்கள். வாயில் தமிழும் ஞானஸ்நானத்தில் வாங்கிய போர்த்துகீசியப் பெயரும் கொண்டு டேகஸ் ஆற்றங்கரையில் நடந்தவர்கள். ஜெபங்களை ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதிக்கொடுத்தார்கள். அந்த ஊரைப் பற்றி அந்த நூலில் ஒரு வரி இல்லை.