கொடையும் உரிமையும்: தயாரிப்பாளர் சூர்யாவின் திரைப்பணி, அறப்பணி இணைவு – 'ஜெய் பீம்' திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நடிகரும் தயாரிப்பாளருமான சூர்யா, 2006இல் அகரம் அறக்கட்டளையையும் 2013இல் 2டி என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தையும் தொடங்கினார். கதை சொல்லலும் மனிதநேயப் பணியும் ஒருவரிடத்தே இணைந்து இயங்குவதற்கு இவ்விரண்டும் சான்றாகின்றன. இவ்விணைவு எவ்வாறு இயங்குகிறது, அதன் எல்லை எது என்பதை 'ஜெய் பீம்' (2021) திரைப்படத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமையைப் பேசும் கதைக்கும் அதனையொட்டி வழங்கப்பெற்ற கொடைக்கும் இடையிலான உறவு, உண்மை வழக்கின் சமூக அடையாளம் படத்தில் மாற்றப்பட்டதன் விளைவு, சின்னசேலம் – கல்வராயன்மலைப் பகுதியிலிருந்து இப்படத்தை வாசிப்பதன் தேவை ஆகியன இதன் மையப் பொருள்களாகும்.

திறவுச்சொற்கள்: ஜெய் பீம், அகரம், இருளர், குறவர், கல்வராயன்மலை, கொடை, உரிமை.

முன்னுரை

தமிழ்த் திரையுலகில் கொடைக்கு நெடிய மரபு உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ஈகை அவர் நகைச்சுவைக்கு இணையாகப் பேசப்பட்டது. எம்.ஜி.ஆரின் திரைப் பாத்திரங்களும் அவரது கொடைச் செயல்களும் ஒன்றையொன்று வளர்த்து அரசியல் பிம்பமாகத் திரண்டதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அம்மரபில் வழங்குபவர் நாயகர். பெறுபவர் பெயரற்ற திரள். சூர்யாவின் பணி இம்மரபின் தொடர்ச்சியா, அதிலிருந்து விலகிய ஒன்றா என்னும் வினா திறனாய்வு நோக்கில் இன்றியமையாதது. 'வள்ளல்' என்ற புகழுரையோ 'விளம்பரம்' என்ற இகழுரையோ இவ்வினாவுக்கு விடையாகாது. படமும் பணியும் எங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதைப் படத்தின் உள்ளிருந்தே காணவேண்டும்.

அகரமும் கதையும்

சூர்யாவின் தந்தை சிவகுமார் நடத்திவந்த கல்வி அறக்கட்டளை, மேல்நிலைத் தேர்வில் உயர் மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசளித்து வந்தது. அகரம் இதனின்று ஓர் அடி நகர்ந்தது. 2010இல் தொடங்கப்பெற்ற 'விதை' திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவரை நாடுகிறது. மதிப்பெண்ணோடு அது பெறப்பட்ட சூழலும் எடைபோடப்படுகிறது. தன்னார்வலர் விண்ணப்பித்தவரின் வீட்டிற்கே சென்று, குடும்பத்தின் நிலையைக் கேட்டறிந்த பின்னரே தேர்வு முடிவாகிறது.

இந்நடைமுறையில் கதை கேட்டல் என்பது தேர்வுமுறையாகவே அமைகிறது. தந்தையின் கூலி, வீட்டின் கூரை, பள்ளிக்கு நடந்த தொலைவு ஆகியவை மாணவரின் தகுதிச் சான்றுகளாகின்றன. இதன் வலிமை, மதிப்பெண் பட்டியலில் மறைந்துபோகும் வாழ்க்கையை அது காணச்செய்வது. இதன் இடர், துயரத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கே உதவி கிட்டும் நிலையை அது உருவாக்கக்கூடும் என்பது. உரிமையைக் கோருபவர் தம் துயரத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கொடையைக் கோருபவருக்கு அக்கட்டாயம் உண்டு. இவ்வேறுபாடு 'ஜெய் பீம்' படத்தை வாசிப்பதற்குத் திறவுகோலாகிறது.

அகரத்தின் தொடக்கக்காலப் பணிகளில் உடனிருந்தவரும் இதழியலாளருமான த.செ. ஞானவேலே அப்படத்தை எழுதி இயக்கினார் என்பது தற்செயலன்று. அறக்கட்டளையில் பழகிய கேட்கும் முறை படத்தின் ஆக்கத்திலும் இடம்பெற்றது. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வழிநடத்திவந்த பேராசிரியர் பிரபா கல்விமணியின் நீண்டகாலக் களப்பணி அனுபவம் படத்திற்குப் பின்புலமாயிற்று.

வழக்கும் நிலப்பரப்பும்

படத்திற்கு அடிப்படையான நிகழ்வு 1993 மார்ச்சில் நடந்தது. விருத்தாசலத்தை அடுத்த முதனை சிற்றூரைச் சேர்ந்த இராசாக்கண்ணு, நகைத் திருட்டு ஐயத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்தாரால் பிடித்துச் செல்லப்பட்டுக் காவலிலேயே உயிரிழந்தார். அவர் தப்பியோடிவிட்டார் என்பது காவல்துறையின் கூற்று. மனைவி பார்வதி உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய, வழக்குரைஞர் கே. சந்துரு வாதாடினார். விசாரணை நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்ட காவலர்கள் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தால் தண்டிக்கப்பெற்றனர்.

இந்நிகழ்வு நடந்தபோது முதனையும் சின்னசேலமும் கல்வராயன்மலையும் தென்னாற்காடு என்னும் ஒரே மாவட்டத்திற்குள் இருந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அம்மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. இன்று மூன்று மாவட்டங்களாக இருப்பினும், சேலம் – விருத்தாசலம் இருப்புப்பாதை சின்னசேலத்தை முதனையின் பக்கம் இணைத்தே வைத்திருக்கிறது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் அறுவடைக்கும் குடும்பத்தோடு பெயர்வோரின் வழித்தடமும் இப்பரப்பினூடேதான் செல்கிறது. படத்தில் இராசாக்கண்ணு சூளை வேலைக்காக ஊரைவிட்டுச் சென்றிருப்பதே அவர் தலைமறைவானார் என்ற ஐயத்திற்கு ஏதுவாகிறது. பிழைப்புக்காகப் பெயர்தல் குற்றத்தின் சான்றாக மாற்றப்படுவது இந்நிலப்பரப்பு நன்கறிந்த நடைமுறை.

மறுக்கப்பட்ட பணமும் வழங்கப்பட்ட பணமும்

படத்தின் அறமையம் நீதிமன்ற வாதங்களில் மட்டும் அமையவில்லை. காவல்துறைத் தலைமை செங்கேணியை அழைத்து, வழக்கைக் கைவிட்டால் பணம் தருவதாகக் கூறும் காட்சி அதனினும் நுட்பமானது. கருவுற்ற, எழுத்தறியாத, ஆதரவற்ற ஒரு பெண் அப்பணத்தை மறுக்கிறாள். உயிருக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டால், அடித்தவர்களின் பணத்தில் தன் பிள்ளைகள் வளர நேரும் என்பதே அவள் மறுப்பின் சாரம். வழக்குரைஞர் அவளுக்கு இதனைக் கற்பிக்கவில்லை. இக்காட்சியில் செங்கேணி நாயகனின் நிழலிலிருந்து வெளியே வந்து, கதையின் போக்கைத் தானே முடிவுசெய்கிறாள்.

காவல் நிலையத்திலிருந்து வெளியேறும் அவள் வண்டியில் ஏற மறுத்து நடக்க, காவலர்கள் வண்டியோடு பின்தொடர்ந்து கெஞ்சும் காட்சியும் இதே பொருளை வேறுவகையில் சொல்கிறது. அங்கே மாறியிருப்பது காவலரின் மனமன்று, சட்டத்தின் நிலை. இரக்கத்தால் கிட்டும் சலுகைக்கும் உரிமையால் கிட்டும் மதிப்புக்கும் உள்ள இடைவெளியை இக்காட்சி உரையாடலின்றியே காட்டிவிடுகிறது.

இத்தகைய படத்தின் வெளியீட்டை ஒட்டித் தயாரிப்பாளர் செய்தது கொடையே. 2021 நவம்பர் 2இல் படம் வெளியாவதற்கு முன்தினம், பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் முதலமைச்சர் முன்னிலையில் வழங்கப்பட்டது. பின்னர், இராசாக்கண்ணுவின் துணைவியார் பார்வதியின் வறுமை நிலை வெளிச்சத்திற்கு வரவே, அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புநிதியாகச் செலுத்துவதாகச் சூர்யா அறிவித்தார்.

பணத்தை மறுத்ததால் கதைக்கு உயர்வு தந்த ஒரு பெண், அக்கதை படமான பின் பணத்தைப் பெறும் நிலையில் நிற்கிறார். இதனை முரண் என்று கடந்துசெல்வது எளிது. ஆயின் இரண்டு பணமும் ஒன்றல்ல. காவல்துறை நீட்டிய பணம் மௌனத்தின் விலை. அதனைப் பெற்றால் வழக்கு முடிந்துவிடும். தயாரிப்பாளர் வழங்கிய பணம் எதனையும் கைவிடுமாறு கோரவில்லை. எனினும் மற்றொரு வினா எஞ்சுகிறது. ஒருவரின் வாழ்க்கையே வணிகப் படத்தின் மூலப்பொருளாகும்போது, அவருக்குச் சேரும் தொகை கொடையா, பங்கா? பங்கு எனில் அது படத் தொடக்கத்திலேயே ஒப்பந்தமாக அமைந்திருக்க வேண்டும். கொடை எனில் வழங்குபவரின் விருப்பத்தையும் பொதுக் கோரிக்கையின் அழுத்தத்தையும் சார்ந்திருக்கும். செங்கேணியின் அறத்தை முழுமையாகப் பின்பற்றின், தயாரிப்பாளர் தேர்ந்திருக்க வேண்டிய சொல் 'பங்கு' என்பதே.

உலக அளவிலும் இச்சிக்கலுக்கு ஒப்புமை உண்டு. ஜெஃப் ஸ்கோல் 2004இல் நிறுவிய பார்ட்டிசிபன்ட் நிறுவனம், ஒவ்வொரு படத்தோடும் ஒரு சமூகப் பரப்புரையை இணைக்கும் முறையை வளர்த்தெடுத்தது. விருதுகள் பல வென்றபோதும் 2024இல் அது மூடப்பட்டது. ஒரு செல்வரின் ஆதரவில் நிற்கும் பணி, அவ்வாதரவு விலகும் நாளில் நின்றுவிடும் என்பதற்கு அது சான்று. அகரமோ படங்களின் வெற்றி தோல்வியோடு பிணைக்கப்படாமல், முன்னாள் மாணவர்களே தன்னார்வலராகத் திரும்பும் அமைப்பாக வளர்ந்துள்ளது. சூர்யாவின் பணியில் நீடித்த பகுதி இதுவே.

அடையாள மாற்றம்

முதனை இராசாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தின் இராசாக்கண்ணு இருளர். காவல்துறையால் இருளர் எதிர்கொண்ட பிற கொடுமைகளையும் ஒரே கதைக்குள் கொணர்வதற்கு இம்மாற்றம் இடந்தந்தது. 2011இல் திருக்கோவிலூர்க் காவலர்மீது இருளர் பெண்கள் அளித்த பாலியல் வன்கொடுமைப் புகார் இவ்வட்டாரத்தில் மறக்கப்படாத ஒன்று. எலி பிடித்தல், பாம்பு பிடித்தல் முதலிய வாழ்வியல் கூறுகளையும் படம் பரிவோடு பதிவுசெய்கிறது.

ஆயினும் இம்மாற்றம் அழகியல் தேர்வு மட்டுமன்று. தமிழ்நாட்டில் இருளர் பட்டியல் பழங்குடியினர். அவர்களுள் மிக நலிவுற்ற பழங்குடிக் குழுவாகவும் வரையறுக்கப்பட்டவர். குறவரோ ஒரு பெயரால் பட்டியல் சாதியிலும், வேறு பல பெயர்களால் சீர்மரபினர் பட்டியலிலும் சிதறிக் கிடப்பவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழல் அவர்கள்மீது படிந்திருக்கும் வரலாறும் தனித்தது. திருட்டு வழக்கில் ஐயம் முதலில் குறவர்மீது விழுவதற்கு அவ்வரலாறே காரணம். படத்தின் தொடக்கக் காட்சியில், சிறையிலிருந்து வெளிவருவோர் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்தப்பட்டு, தீர்க்கப்படாத வழக்குகளுக்காக மீண்டும் காவலரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். அக்காட்சி உணர்த்தும் உண்மை குறவர் வரலாற்றோடு நெருங்கிப் பிணைந்தது. அடையாளம் மாறியதும் வழக்கின் வேர் கதையிலிருந்து அறுபடுகிறது. கதையைத் தொடர்ந்து சென்ற 1 கோடி ரூபாயும் கதையில் பெயர் பெற்ற சமூகத்தையே சென்றடைகிறது. கதை எவரைக் காட்டுகிறதோ அவரையே கொடையும் காண்கிறது என்பது இவ்விணைவின் அடிப்படை எல்லை.

படத்தையொட்டி எழுந்த பெரும் சர்ச்சை இவ்வினாவைப் பின்னுக்குத் தள்ளிற்று. கொடுமை செய்யும் காவலர் வீட்டில் தொங்கிய நாட்காட்டிப் படம் தம் சமூகத்தை இழிவுபடுத்துவதாகக் கூறி, வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் இழப்பீடு கோரி அறிவிப்பு அனுப்பியது. அப்படம் மாற்றப்பட்டது, இயக்குநரும் வருத்தம் தெரிவித்தார். குற்றம் இழைத்தவரின் அடையாளம் வாரக்கணக்கில் விவாதிக்கப்பட்டது. குற்றத்திற்கு ஆளானவரின் அடையாளம் மாற்றப்பட்டமை அதே அளவில் பொதுவெளியில் பேசப்படவில்லை. எவருடைய மனப்புண் செய்தியாகிறது என்பதும் சமூக அதிகாரத்தைப் பொறுத்ததே.

கல்வராயன்மலையிலிருந்து ஒரு வாசிப்பு

சின்னசேலத்திற்கு அண்மையில் எழும் கல்வராயன்மலை, 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்தே அம்மலை மக்கள் நேரடி அரசாட்சியின்கீழ் வந்தனர். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளை அறிந்தவர். 2015 ஏப்ரல் 7இல் சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் கொல்லப்பட்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் பல உயிர்களைப் பறித்தபோது, கல்வராயன்மலையின் பெயர் மீண்டும் செய்திகளில் அடிபட்டது. அதன் பின்னரே மலைமக்களின் சாலை, மருத்துவம், கல்வி நிலைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது.

இம்மலையிலிருந்து நோக்குங்கால் 'ஜெய் பீம்' படத்தின் பேறும் போதாமையும் ஒருங்கே தெரிகின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும் சான்றிதழ் பெறவும் முயலும் ஆசிரியை மைத்ராவின் காட்சிகள் மலைவாழ் மக்களுக்குப் புதியன அல்ல. தம் வாழ்க்கையைத் திரையில் காண்பது அவர்களுக்கு ஏற்புடைமை தருகிறது. ஆனால் ஒரு சந்துரு, ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு என்னும் கதையமைப்புக்குள் செம்மர வழக்குகளின் திரள் அடங்காது. ஒற்றைக் கதைக்கு ஒற்றை நாயகன் போதும். ஆயிரம் வழக்குகளுக்கு நிலையான சட்ட உதவி அமைப்பு வேண்டும். தயாரிப்பாளர், நடிகர், கொடையாளர் மூவரும் ஒரே உருவில் திரையில் வழக்குரைஞராகத் தோன்றும்போது, மீட்பு ஒரு தனிமனிதரிடமிருந்து வருவது என்னும் பழைய எம்.ஜி.ஆர். கால உணர்வு முற்றாக நீங்குவதில்லை.

ஆயினும் படம் தன்னையே திருத்திக்கொள்ளும் ஓர் இடமும் உண்டு. இறுதியில் சிறுமி அல்லி, சந்துருவுக்கு எதிரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டமர்ந்து செய்தித்தாளை விரிக்கிறாள். அவள் நன்றி கூறவில்லை, வணங்கவில்லை. மீட்கப்பட்டவரின் பணிவு அவளிடம் இல்லை. சமமாக அமர்பவரின் இயல்பு இருக்கிறது. அகரத்தின் 'விதை' வழி கல்லூரி சென்ற ஒரு முதல் தலைமுறை மாணவி எந்நிலையை அடையவேண்டும் என்பதற்கும் இதுவே உருவகம்.

முடிவுரை

சூர்யாவின் திரைப்பணியும் அறப்பணியும் ஒன்றையொன்று அணிசெய்வதற்காக மட்டும் இணைந்தவை அல்ல. வீடுதோறும் சென்று கேட்கும் அகரத்தின் முறை 'ஜெய் பீம்' படத்திற்கு உள்ளீடு தந்தது. படம் அகரத்தால் சொல்லமுடியாத ஒன்றைச் சொன்னது. கல்விக் கொடை ஒருவரை உயர்த்தலாம்; அவரைக் காவல் நிலையத்தில் காப்பது உரிமையே என்பது அது. அதே படம் தன் தயாரிப்பாளரையும் ஓர் அளவுகோலுக்கு உட்படுத்துகிறது. கதைக்குரியவரின் பெயரும் சமூகமும் கதையில் நிலைபெறுதல், கதையின் வருவாயில் அவர்க்குப் பங்கு ஒப்பந்தமாதல் ஆகிய இரண்டும் நிறைவேறும்போதே கதை சொல்லலும் மனிதநேயமும் முரணின்றி இணையும். இவ்வளவுகோலைத் திறனாய்வு புறத்தேயிருந்து கொண்டுவரவில்லை. பணத்தை மறுத்துத் திரும்பிய செங்கேணியிடமிருந்தே அதனைப் பெறுகிறது.