கோவிவன் என்றொரு நாய்

திருவக்கரைக்கு இரண்டு கூட்டம் வரும். பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைப் பார்க்க வருகிறவர்கள் ஒன்று. கல்மரப் பூங்காவுக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் இன்னொன்று. இரண்டு கூட்டமும் குவாரியைப் பார்ப்பதில்லை. ஜல்லி லாரி கடந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. நானும் அப்படித்தான், டீக்கடை வாசலில் கட்டியிருந்த ஒரு பிளெக்ஸைப் பார்க்கும்வரை. அதற்குப் பிறகு வருகிறேன்.

போர் நினைவுச்சின்னங்களைத் தேடிப் போய்ப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆமாம், படிக்கிறதுதான். கட்டடம் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் பிறகு; அதில் எழுதியிருப்பது என்ன, யார் பெயர் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அதிலுள்ள கல்வெட்டு. அவ்வளவுதான். சரக்கு அனுப்பியதற்கும் சேதாரத்துக்கும் எழுதிக் கொடுத்த ரசீது மாதிரி இருக்கிறது. அந்தப் பதினாலு பேருக்கும் அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்குமே!

இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போனால் தெரியும். ரெஜினால்ட் புளோம்ஃபீல்டு வடிவமைத்த உயரமான கற்சிலுவை, அதன் முகப்பில் வெண்கல வாள், சுற்றிலும் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். அழகான இடம், மறுக்கவில்லை. செத்தவர்களுக்குள் பதவி பார்க்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பது இதைப் பராமரிக்கிற ஆணையத்தின் கொள்கை. அதே ஆணையம்தான் 2021-இல் ஒப்புக்கொண்டது: முதல் போரில் பேரரசுக்காக இறந்த கிழக்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை.

இது வெறும் நிற வேற்றுமையா என்றால் அப்படியும் முடித்துவிட முடியவில்லை. வேல்ஸ் நாட்டு நிலக்கரி ஊர்கள் பலவற்றில் போரில் இறந்தவர்களுக்குக் கற்சிலுவை உண்டு. செங்ஹெனித் என்ற ஊரில் மணிக்கூண்டு. அதே செங்ஹெனித் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்கள் செத்தார்கள். சுரங்கத்தில் செத்தவர்களுக்கென ஒரு நினைவுச்சின்னம் அங்கே எழுந்தது 1981-இல். அறுபத்தெட்டு வருஷம்! துப்பாக்கியோடு செத்தால் தியாகம், கடப்பாரையோடு செத்தால் விபத்து என்ற கணக்கு வெள்ளைக்காரன் ஊரிலும் அதேதான்.

நம் பக்கம் திரும்பினால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி அதில் நிற்கிறான், பக்கத்திலேயே அவனுடைய நாய். அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்ததையும், அதன் பெயர் கோவிவன் என்பதையும் கல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாய்க்குப் பெயர் இருக்கிறது. வேலூர்க்காரர்கள் பதினாலு பேருக்கு நூறு வருஷத்துக்கே இல்லை.

ஆனால் நடுகல் என்றதும் மீசை முறுக்கும் நண்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கல்லைத் தேடிக் கண்டெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று எவ்வளவு அழகான சொற்கள். எடுத்தனூர்க் கல்லில் வீரன் பெயர், நாய் பெயர், ராஜா பெயர் எல்லாம் உண்டு. கல்லை வெட்டியவன், உளி பிடித்தவன் பெயரைக் காணோம்.

திருவக்கரை டீக்கடை பிளெக்ஸில் இருந்தவர் குவாரியில் வேலை பார்த்தவர். கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு, கலர் போட்டோ, கீழே சித்தப்பா மகன் வரை எல்லார் பெயரும். பெயர் விஷயத்தில் மணிக்கூண்டைவிட எவ்வளவோ மேல். கடைக்காரரிடம் “எப்படிண்ணே செத்தார்?” என்று கேட்டேன். “கல்லு சரிஞ்சிடுச்சு தம்பி” என்றார்.

அடுத்த பௌர்ணமிக்குப் போனபோது அந்த பிளெக்ஸைத் திருப்பிப் போட்டுக் கடைக்குக் கூரையாகக் கட்டியிருந்தார்கள். மழைக் காலம். பின்னால் இரண்டு லோடு கருங்கல் பாண்டிச்சேரி பக்கம் போய்க்கொண்டிருந்தது.