அடக்கி வாசித்தவர்கள்

பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. ஹஃபிஸ் என்ற மாணவன் கிட்டாரோடு மேடைக்கு வருகிறான். மூளைக்கட்டியோடு மருத்துவமனையில் கிடந்த அவனுடைய தாய் இறந்துவிட்டார். பாடத் தொடங்குகிறான், குரல் எந்த இடத்திலும் ஓங்கவில்லை. படிப்பில் தன்னை முந்துகிறான் என்று இத்தனை நாளும் அவன்மேல் பொறாமையில் வெந்த கஹோ, தன் எர்ஹுவை எடுத்துக்கொண்டு மேடையேறுகிறான். இரண்டே தந்திகள் கொண்ட அந்தச் சீன வாத்தியத்தை ஹஃபிஸின் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கிறான். பாட்டு முடிந்ததும் இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். பரிசு யாருக்கு என்று படம் சொல்வதில்லை.

யாஸ்மின் அகமது இயக்கிய 'டேலன்டைம்' படத்தின் முடிவு இது. 2009 மார்ச் 26 அன்று படம் மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தது. நான்கு மாதம்கூட நிறையவில்லை. ஜூலை 23 அன்று பெட்டாலிங் ஜெயா, பண்டார் உத்தாமாவில் இருக்கும் டிவி3-இன் ஸ்ரீ பெந்தாஸ் கட்டடத்தில் ஒரு சந்திப்பு. பாடகி சித்தி நூர்ஹலிசாவும் இருந்தார். பேசிக்கொண்டிருந்தபோதே யாஸ்மின் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. அதே ஊரின் டாமன்சாரா ஸ்பெஷலிஸ்ட் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. 25ஆம் தேதி இரவு காலமானார். வயது 51.

அன்றிலிருந்து அவருடைய நண்பர்கள் அவரை நினைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நடிகை ஷரிஃபா அமானி, இசையமைப்பாளர் பீட் தியோ, இயக்குநர் ஹோ யூஹாங், எழுத்தாளர் அமிர் முகமது எனப் பட்டியல் நீளும். நினைத்தவர்களில் சிலர் இன்று நினைக்கப்படுகிறவர்களாகிவிட்டார்கள். ஹஃபிஸின் தாயாக நடித்த அசியான் இர்டாவாத்தி 2013 டிசம்பரில் புற்றுநோயால் மறைந்தார். போட்டியை நடத்தும் ஆசிரியையாக வந்த அதிபா நூர் 2022 ஜூன் 18 அன்று போனார். அவரையும் புற்றுநோய்தான் கொண்டுபோனது. அவருக்கும் 51 வயது.

ஆண்டுதோறும் ஜூலையில் யாஸ்மினைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே சுருதியில் இருக்கும். இன ஒற்றுமையின் குரல், அன்பின் தூதர், எல்லா இனத்தாருக்கும் சொந்தமானவர். அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு கலைஞரை அவருடைய நல்ல மனத்துக்காக மட்டும் நினைவுகூர்ந்தால் அவர் செய்த வேலை மறைந்துபோகும். நல்ல மனம் நாட்டில் பலருக்கு இருக்கிறது. 'டேலன்டைம்' எடுத்தவர் ஒருவர்தான். அவர் தன் கூட்டத்துக்கு விட்டுப்போனது ஒரு நடிப்பு முறை. அதன் முதல் விதி, பார்ப்பவர் அழுவதற்கு முன் நடிப்பவர் அழக்கூடாது.

முதலில் கேமரா. யாஸ்மினின் படங்களை ஒளிப்பதிவு செய்த கியோங் லோ, முக்கியமான கட்டங்களில் கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அசையாமல் இருப்பார். முகத்தை நோக்கி மெல்ல நெருங்கும் வேலை கிடையாது. கண்ணீர் வரப்போகிறது என்று வயலின் கட்டியம் கூறுவதும் இல்லை. ஆட்கள் தூரத்தில் இருக்கிறார்கள், பேசுகிறார்கள், சில நேரம் சும்மா இருக்கிறார்கள். இப்படி எடுக்கும்போது நடிகருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பொய்யாக ஒரு புருவம் தூக்கினாலும் வெட்டி எறிய வேறு கோணம் கிடையாது. தேர்ந்த நடிகர்களுக்கே இது கடினம். யாஸ்மினோ நடித்துப் பழகாத இளைஞர்களையும் இதற்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

அசியானைக் கவனியுங்கள். எண்பதுகளின் 'மெக்கானிக்' காலத்திலிருந்தே மலாய்ப் படங்களில் பேர் வாங்கியவர், பாடகியும்கூட. சாகப்போகிற தாய் என்ற வேடம் கிடைத்தால் அந்த அனுபவத்தையெல்லாம் கொட்டி நடித்திருக்கலாம். அவர் செய்தது நேர்மாறு. படுக்கையில் இருந்தபடி மகனைக் கிண்டல் செய்கிறார். சக்கர நாற்காலியில் வரும் ஒரு விசித்திரமான நோயாளியோடு ஊர்க்கதை பேசுகிறார். வலி தெரிய வேண்டிய இடத்தில் சிரிப்பை வைக்கிறார், அந்தச் சிரிப்பும் கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் நடிப்பு. மகனாக நடித்த சியாஃபி நஸ்விப்புக்கு இதனால் ஒரு பெரிய வசதி கிடைத்தது: தாய் அழாததால் மகனும் அழ வேண்டியதில்லை. இறுதி மேடையில் அவன் அமைதியாகப் பாடுவதை நாம் நம்புகிறோம் என்றால், அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டவர் படுக்கையில் கிடந்த அசியான்.

அந்தப் பாட்டின் குரல் சியாஃபியுடையது அல்ல. பாடியவர் ஐசாத் அம்டான். திரையில் உதடு அசைப்பவர் சியாஃபி. மெட்டு பீட் தியோவுடையது. மூன்று பேர் சேர்ந்து ஒரு மகனின் துக்கத்தை உருவாக்கியிருக்கிறார்கள். பின்னணிக் குரலுக்கு வாயசைப்பது தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல, எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். பாடிய மரபு நம்முடையது. அங்கே குரல் நடிகரை உயர்த்தும். இங்கே ஐசாத் தன் குரலைப் பள்ளி மாணவன் ஒருவனின் மார்பளவுக்குச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். பெரிய பாடகர் ஒருவர் சின்னப் பையனாகப் பாடுவதில் உள்ள சிரமம் எளிதில் கண்ணில் படாது. எர்ஹு உள்ளே வருவதும் பாட்டுக்கு அலங்காரம் சேர்க்க அல்ல. அதுவரை ஒற்றை ஆளாக நின்ற குரலுக்கு அது துணை. வாசிப்பு எங்கேயும் பாட்டை மிஞ்சுவதில்லை. கச்சேரி மேடையில் நல்ல வயலின்காரர் பாடகரின் மூச்சறிந்து பின்னால் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இணக்கம் உடனே பிடிபடும்.

அதிபா நூர் இந்தக் கூட்டத்தின் இன்னொரு வகைப் பலம். கலைத்துறைக்கு வருவதற்கு முன் ஆசிரியையாக வேலை பார்த்தவர். யாஸ்மினின் 'செபெட்' படத்தில் நாயகி ஓர்கெட்டின் வீட்டுப் பணிப்பெண் யாமாக வந்து, எஜமானி வேலைக்காரி என்ற கோட்டையே அழித்துவிட்டவர். 'டேலன்டைம்' படத்தில் சொந்தப் பெயரோடும் சொந்தத் தொழிலோடும் வருகிறார்: ஆசிரியை அதிபா. அவரிடம் மனத்தைப் பறிகொடுத்த சக ஆசிரியர் ஒருவர் தடுமாறும் காட்சிகளில், சிரிப்பு முழுவதையும் அந்த மனிதருக்கே விட்டுக்கொடுக்கிறார். நகைச்சுவையில் இதுதான் கடினமான வேலை. எதிராளி கோணங்கித்தனம் செய்யும்போது தானும் போட்டிக்கு இறங்காமல் நிலையாக நிற்க வேண்டும். ஆட்டத்தில் கோல் போட்டவனைத்தான் மறுநாள் பத்திரிகை போடும். பந்தைச் சரியான நொடியில் தள்ளிவிட்டவனை ஆட்டம் தெரிந்தவர்கள்தான் கவனிப்பார்கள். அதிபா இரண்டாம் வகை. அவர் மறைந்தபோது அவருடைய பாட்டுகளும் மேடைத் தொகுப்பும் நிறையப் பேசப்பட்டன. நடிப்பைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர்களுக்கு இந்தப் படத்தில் தனியாக ஒரு பங்கு உண்டு. போட்டியாளர் மெலூரை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் மகேஷ், காது கேளாத தமிழ்ப் பையன். மகேஷ் ஜுகல் கிஷோர் நடித்தார். அவனுடைய அம்மாவாக சுகன்யா வேணுகோபால், அக்கா பவானியாக ஜெக்லின் விக்டர். 2004இல் முதல் 'மலேசியன் ஐடல்' பட்டத்தை வென்றவர் ஜெக்லின். நாட்டுக்கே தெரிந்த ஒரு பாட்டுப் போட்டி வெற்றியாளரை, பாட்டுப் போட்டி பற்றிய படத்துக்குக் கூப்பிட்டு, போட்டியாளர் வேடம் கொடுக்காமல், கேளாத தம்பிக்கும் பேசும் உலகத்துக்கும் நடுவில் நிற்கும் அக்காவாக்கினார் யாஸ்மின். வேடத் தேர்வில் இப்படித் துணிந்தவர் குறைவு. ஜெக்லினும் அந்தத் துணிச்சலுக்கு ஈடு கொடுத்தார்.

மகேஷின் தாய்மாமன் கணேஷ் தன் திருமணக் கொண்டாட்ட வேளையில், பக்கத்து வீட்டுத் தகராறில் கொல்லப்படுகிறார். ஒரு வீட்டில் மங்கல ஓசை, அடுத்த வீட்டில் இழவு. படம் எந்த ஊரையும் சுட்டிக் காட்டவில்லை. ஆனால் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானை நினைக்காமல் ஒரு தமிழ்ப் பார்வையாளரால் அந்தக் காட்சியைக் கடக்க முடியாது. 2001 மார்ச்சில் அங்கே நடந்த இன மோதலில் 6 பேர் உயிரிழந்தார்கள். காயம்பட்டவர்கள் பலர், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஒரு கல்யாணமும் ஒரு சாவும் அருகருகே வந்ததுதான் பொறி என்று அப்போது பேசப்பட்டது. எட்டு ஆண்டு கழித்து, ஒரு மலாய்ப் பெண் இயக்குநர் அந்தக் காயத்தைத் தொட்டார். வன்முறையைக் காட்டி அல்ல. அதற்குப் பிறகு ஒரு தமிழ்த் தாயின் முகம் எப்படி இறுகிவிடுகிறது என்று காட்டி. மெலூர்மேல் மகனுக்கு வந்த காதலை அவர் எதிர்ப்பது குறுகிய மனத்தால் அல்ல, தம்பியைப் பறிகொடுத்த பயத்தால் என்று சுகன்யா ஒரே பார்வையில் புரியவைக்கிறார். மகேஷின் பேச்சோ முழுக்கக் கைகளில். மற்ற பிள்ளைகளெல்லாம் பாட்டிலும் வாத்தியத்திலும் மனத்தைக் கொட்டுகிற ஒரு கதையில், அவனுக்கு அந்த வழி இல்லை. அவன் வராத மேடையில் மெலூர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறாள். போட்டிக் கணக்கில் அது தோல்வி. நடிப்புக் கணக்கில் பமேலா சோங்கின் மிகச் சிறந்த நிமிடம் அது.

நண்பர்கள் எப்படி நினைவுகூர்ந்தார்கள்? பெரும்பாலும் வேலை செய்துதான். யாஸ்மின் மறைந்த அடுத்த மாதமே பீட் தியோ தயாரித்த '15மலேசியா' குறும்படத் தொகுப்பு இணையத்தில் வெளிவரத் தொடங்கியது. அதில் ஷரிஃபா அமானியும் ஹோவர்ட் ஹொன் கஹோவும் நடித்த 'சாக்லட்' யாஸ்மினுடையது. அதே ஆண்டு அமிர் முகமது அவருடைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசி ஒரு நூல் எழுதினார். இரங்கலைவிட விமர்சனமே பெரிய மரியாதை என்று அறிந்தவர் அவர். தணிக்கைச் சிக்கலில் தங்கிப்போன 'முஅல்லாஃப்', இயக்குநர் இல்லாத பிறகே மலேசியத் திரைக்கு வந்தது. 2014இல் ஈப்போவின் கொங் ஹெங் கட்டடத்தில் அவருக்கென்று ஒரு சிறு நினைவகம் திறந்தார்கள். 'செபெட்' எடுத்த ஊர் அது.

எல்லாவற்றிலும் ஷரிஃபா அமானியின் நினைவுகூரல் தனித்து நிற்கிறது. 'செபெட்', 'குப்ரா', 'முஅல்லாஃப்' ஆகியவற்றில் யாஸ்மினின் நாயகி அவர். 'முஅல்லாஃப்' படத்துக்காகத் தலையை மழித்துக்கொண்டவர். 2016இல் ஜப்பானிய இயக்குநர் இசாவோ யுகிசாடா பினாங்கில் எடுத்த 'பிஜன்' என்ற படத்தில், முதிய ஜப்பானியர் ஒருவரைப் பராமரிக்கும் பெண்ணாக நடித்தார். அந்தப் பெண்ணுக்கு யாஸ்மின் என்று பெயர். அந்தப் படப்பிடிப்பைச் சுற்றி எட்மண்ட் இயோ எடுத்த ஆவணப்படம் 'யாஸ்மின்-சான்'. மறைந்த தோழியின் பெயரைத் தாங்கி நடிக்கும்போது மிகை நடிப்பு வந்து ஒட்டிக்கொள்வது எளிது. அமானி ஒட்டவிடவில்லை. முதியவருக்குச் சோறு ஊட்டுவதும் அறையைத் துடைப்பதுமாக, கற்றுக்கொடுத்தவரின் முறையிலேயே, கையில் இருக்கும் வேலையைப் பார்த்தார்.

முடிக்காமல் போனவையும் உண்டு. ஜப்பானியப் பாட்டியின் கதையை வைத்து 'வசுரேனகுசா' என்று ஒரு படம் எடுக்க யாஸ்மின் திட்டமிட்டிருந்தார். இன்னொன்று சிங்கப்பூருக்கான 'கோ, தாடியஸ்!'. 2007இல் டிரையத்லன் போட்டியை முடித்த கையோடு சரிந்து இறந்த 17 வயது வீரர் தாடியஸ் சியோங்கின் கதை. எல்லைக்கோட்டைத் தாண்டிய பின் விழுந்த ஒரு பையனை யாஸ்மின் எப்படிப் படமாக்கியிருப்பார் என்று ஊகிக்கலாம். கூட்டம் அலறுவதைக் காட்டியிருக்க மாட்டார். அதிகாலைப் பயிற்சிக்கு அவனை எழுப்பும் தாயை, காலணிக் கயிற்றைக் கட்டும் விரல்களைக் காட்டியிருப்பார்.

ஐசாத் பாடிய அந்தப் பாட்டும் அதன் மலாய் வடிவமான 'பெர்கி'யும் இன்று படத்தைத் தாண்டிப் போய்விட்டன. பிரிவுபசாரங்களிலும் அஞ்சலி மேடைகளிலும் போட்டிகளிலும் இளைஞர்கள் அதை எடுத்துப் பாடுகிறார்கள். பாட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுருதியை ஏற்றாதீர்கள். கடைசிச் சரணத்தில் குரல் வல்லமையைக் காட்டிக் கைத்தட்டு வாங்கலாம். ஆனால் அந்த நொடியே பாட்டு ஹஃபிஸிடமிருந்து நழுவிப் பாடகரிடம் போய்விடும். எர்ஹு பகுதியைக் கீபோர்டில் நிரப்புவதைவிட, ஒரு கிட்டாரோடு நிறுத்திக்கொள்வது மேல். எர்ஹு வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கிடைத்தால், தொடக்கத்திலேயே மேடையேற்றாமல் பாதிப் பாட்டு போன பிறகு கூப்பிடுங்கள். நடுவர்களும் இதற்கு மதிப்பெண் போடும்போது உச்சஸ்தாயியைத் தேடாமல், பாடகர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்று கேட்டால் போதும்.