ஹெட்போனில் அடங்காத குரல்

மனச்சிதைவு உள்ளவருக்குக் கேட்கும் குரல்களை, அப்படி எதுவும் கேட்டே இராத டாக்டருக்கு எப்படிப் புரியவைப்பது? மனநல மருத்துவ ரெசிடென்ட்களின் பயிற்சி பற்றிக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். (நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். தவறிருந்தால் துறை சார்ந்தவர்கள் திருத்தலாம்.)

புதுமையான பயிற்சி என்று தேடினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது, அமெரிக்க உளவியலாளர் பாட்ரீஷியா டீகன் உருவாக்கிய முறை. பதின்பருவத்தில் அவருக்கே மனச்சிதைவு என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் முறையில் பயிற்சி பெறுபவர் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறார். உள்ளே முணுமுணுப்பு, வசவு, கட்டளை. அது ஓடும்போதே சில வேலைகளைச் செய்ய வேண்டும். அதில் ஒன்று, எமர்ஜென்சியில் நடப்பது போன்ற மனநிலைப் பரிசோதனை.

அப்புறம் கம்ப்யூட்டர் வடிவம் வந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் யெல்லோலீஸ் குழு, செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் ஒரு வார்டையே கட்டியது. நடந்துபோனால் குரல் கேட்கும், உருவம் தெரியும். 2006-ல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் தங்கள் புரிதல் கூடியதாகச் சொன்னார்கள்.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. பார்த்தவர் "புரிஞ்சுது" என்று சொன்னால் போதுமா? எங்கள் டெஸ்டிங் டீமிடம் இதைக் காட்டினால் சிரிப்பார்கள். இத்தகைய சிமுலேஷன்களைத் தொகுத்துப் பார்த்த 2011-ம் வருட ஆய்வு ஒன்று சங்கடமான முடிவுக்கு வந்தது. பரிவு கூடுகிறது, கூடவே, நோயாளியிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடுகிறது! யோசித்தால் ஆச்சரியமில்லை. பத்து நிமிஷம் பயமுறுத்தினால் பயம்தானே மிஞ்சும்?

என் வாசிப்பில், டீகன் முறையின் உயிர் குரலில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது. ரெசிடென்ட் நோயாளியின் இடத்தில் உட்கார்ந்து, காதில் வசவு விழ விழ, கேள்விக்குத் தடுமாறிப் பதில் சொல்கிறார். 'கவனக்குறைவு' என்று தான் எழுதும் குறிப்புக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அப்போது உறைக்கும். மெய்நிகர் வார்டு சத்தத்தை எடுத்துக்கொண்டது, நாற்காலியை விட்டுவிட்டது.

இன்னொரு கேள்வி: அது யாருடைய குரல்? மானுடவியலாளர் டான்யா லூர்மனும் சக ஆய்வாளர்களும் கலிபோர்னியாவின் சான் மடேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என்று மூன்று ஊர்களில், ஊருக்கு 20 பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் வன்முறையான, முகம் தெரியாத குரல்களைச் சொன்னார்கள். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். வீட்டு வேலையைச் செய் என்று அதட்டும் குரல்கள்கூட உண்டு.

இதைப் படித்ததும் என் பெரியம்மா ஞாபகம் வந்தது. "குரல் கேட்குதா?" என்றார் டாக்டர். "கேட்குது" என்றார் பெரியம்மா. எழுதிக்கொண்டார், மாத்திரை வந்தது. மாத்திரை தேவைதான், அதில் சண்டையில்லை. ஆனால் அது செத்துப்போன பாட்டியின் குரல், "விளக்கு ஏத்திட்டியா?" என்று கேட்கும் என்பது எனக்குத் தெரிய வருஷக்கணக்கானது. டாக்டரும் கேட்கவில்லை, வீட்டில் நாங்களும் கேட்கவில்லை.

ஹெட்போன் இருக்கட்டும். கழற்றி வைத்த பிறகு, குரல் கேட்கும் ஒருவரை ஆசிரியராக எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். "யார் பேசுறாங்க? என்ன சொல்றாங்க?" என்று கேட்கப் பழகுவதும் பயிற்சிதான். அதற்கு சர்வர்கூட வேண்டாம்.