செவிகொடுப்போரின் பயிற்சி
மருத்துவ உளவியற் கல்வி குறித்து ஒரு திறனாய்வு

‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் சொல் இன்று திருச்சபையில் தாராளமாய் வழங்குகிறது. இறையியற் கல்லூரிகளில் அது ஒரு பாடம். சபை அறிவிப்புகளில் அது ஒரு பணி. மூன்று நாள் கருத்தரங்கில் பங்குபெற்றுச் சான்றிதழ் பெற்றவரும் தம்மை ஆற்றுப்படுத்துநர் என அழைத்துக்கொள்வதைக் காண்கிறோம். சொல்லை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்ட நாம், துன்புறும் மனத்திற்குச் செவிகொடுப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட மருத்துவ உளவியலார் எவ்வாறு உருவாக்கப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்ததுண்டா? வயதுவந்தோருக்கான மருத்துவ உளவியற் பயிற்சியின் வலிமையையும் குறையையும் எடைபோட்டு, அதனின்று நாம் கற்கவேண்டியது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பயிற்சியின் வலிமை

1896இல் அமெரிக்கப் பேராசிரியர் லைட்னர் விட்மர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் மருந்தகத்தை நிறுவினார். 1949இல் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலார் ஆய்வறிஞராகவும் பணியாளராகவும் ஒருங்கே பயிற்றப்படவேண்டும் எனத் தீர்மானித்தது. அந்நாட்டில் முனைவர் பட்டத்தோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. பட்டப் படிப்பினிடையே ஓராண்டு மருத்துவமனைப் பணி உண்டு. பட்டம் பெற்ற பின்னரும், தனித்துத் தொழில் நடத்த உரிமம் பெறுமுன், பல மாநிலங்களில் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் மேலும் பணியாற்ற வேண்டும்.

நம் நாட்டில் பாதை வேறு. 1954இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிறுவனம் நிறுவப்பட்டது. இன்று ‘நிம்ஹான்ஸ்’ என நாம் அறியும் நிறுவனத்தின் முன்னோடி அதுவே. அங்கு அடுத்த ஆண்டிலேயே தொடங்கிய மருத்துவ உளவியற் பயிற்சி, பிற்காலத்தில் ஈராண்டு எம்.ஃபில். பட்டமாக வளர்ந்தது. முனைவர் பட்டத்திற்குப் பிந்திய பயிற்சி இங்கு உரிமத்திற்குக் கட்டாயமன்று. ஆயினும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாருக்கு இலக்கணம் வகுக்கும்போது, ஈராண்டு முழுநேரப் படிப்போடு நில்லாமல், ‘மேற்பார்வையின்கீழ்ப் பெற்ற மருத்துவப் பயிற்சி’ அதில் அடங்கியிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

இரு நாட்டு முறைகளிலும் பட்டங்களின் பெயர் வேறு, ஆண்டுகளின் எண்ணிக்கை வேறு. பொதுவாய் நிற்பது ஒன்றே: மேற்பார்வை. பயிற்சி பெறுபவர் நோயாளியோடு உரையாடியதை எழுதி மூத்தவர்முன் வைக்கிறார். மூத்தவரின் கேள்விகள் எளியவை, ஆனால் கூரியவை. அவர் அழுதபோது நீ ஏன் உடனே பேசினாய்? உன் ஆறுதல் மொழி யாருடைய கலக்கத்தைத் தணித்தது, அவருடையதையா, உன்னுடையதையா? உன்னால் இயலாததென அறிந்தும் ஏன் வேறொருவரிடம் அனுப்பவில்லை? இக்கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்கில் விடை கூறக் கடமைப்பட்டிருப்பதே இப்பயிற்சியின் உயிர்நிலை என்பது நம் துணிபு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்டதால், இத்துறையில் பட்டங்களின் பெயர்கள் மாறி வருகின்றன. பெயர் மாறுவதால் இழப்பில்லை. மேற்பார்வை மெலிந்தால் இழப்பு பெரிது.

2. பயிற்சியின் குறை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். சேலம் மாவட்டத்து எடப்பாடியை எடுத்துக்கொள்வோம். சரபங்கா நதி பாயும் இவ்வூர் விசைத்தறிக்குப் பேர்பெற்றது. தறிப்பட்டறையில் இரவு வேலை பார்க்கும் நாற்பது வயதினர் ஒருவர், பட்டறைக்காரரிடம் வாங்கிய முன்பணம் தீராமலும் பகலில் உறக்கம் பிடியாமலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமக்கு ‘மனச்சோர்வு நோய்’ என்று அவர் சொல்லமாட்டார். ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘கைகால் ஓஞ்சு போச்சு’, ‘மனசே செரியில்லீங்க’ என்பார். முதலில் மருந்துக்கடைக்குப் போவார். பின்னர் ஊசி போடும் மருத்துவரிடம். அதன்பின் மந்திரிப்பவரிடமோ நம் போதகரிடமோ வருவார். சேலத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அவருக்குக் கடைசிப் படி. அங்குச் சென்றால் ஒருநாள் கூலி போகும். தெரிந்தவர் எவரேனும் கண்டுவிட்டால் மகளின் திருமணப் பேச்சு நின்றுபோகுமோ என்ற அச்சமும் உண்டு.

அங்கு அவரைக் காணும் இளம் உளவியலார், நூல்களை ஆங்கிலத்திற் கற்றவர். அறிக்கையையும் ஆங்கிலத்திலேயே எழுதவேண்டியவர். ‘மனசு’ என்ற ஒரு சொல்லில் அடங்கிய நினைவும் உணர்வும் மானமும் மொழிபெயர்ப்பில் சிதறிப்போகின்றன. தலைமுறையைப் பிணித்திருக்கும் முன்பணக் கடன், ‘பண நெருக்கடி’ என இரு சொற்களில் முடிந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் திருத்துவதும் அவ்வறிக்கையைத்தான். தறிக்காரரின் குரல் அவர் செவியை எட்டுவதில்லை. மேலும், பயிற்சியின் ஒவ்வொரு படியும் மாணவரைப் பெருநகரை நோக்கியே இட்டுச்செல்கிறது. மேற்படிப்பு உயர உயர எடப்பாடி தொலைவாகிறது. 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலக் கோளாறுடையோர் எனக் கண்டது; அவர்களில் சிகிச்சை பெறாதோர், கோளாறின் வகைக்கேற்ப, நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு வரை என்றும் கணித்தது. உயர்பயிற்சியால் மட்டும் இவ்விடைவெளி நிரம்பாது.

3. நம் நிலை

இக்குறையைச் சுட்டிவிட்டு, ‘ஆகவே எம் ஜெபமே போதும்’ என்று கூறுவோர் நம்மிடையே உளர். அவர்கள் இரு நிகழ்ச்சிகளைச் சேர்த்து நோக்குதல் நலம்.

2002இல் நிம்ஹான்ஸ் அறிஞர் இரகுராமும் உடன் ஆய்வாளரும் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த முப்பத்தொரு மனநோயாளரைப் பற்றிய ஆய்வைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். சராசரி ஆறு வாரம் தங்கியபின் அவர்களின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் அதில் இல்லை. எனினும் சமயச் சூழலின் அரவணைப்பை அறிவியல் ஏளனம் செய்யவில்லை என்பது இதனால் விளங்கும்.

அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றி மாண்டனர்; இறந்தோர் இருபத்தெண்மர். அது வேறொரு சமயத்தாரின் தலத்தருகே நேர்ந்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. ‘விசுவாசமிருந்தால் மாத்திரையை நிறுத்திவிடு’ என்ற குரல் நம் மேடைகளிலும் ஒலித்ததுண்டு. அதுவும் ஒரு சங்கிலியே. கண்ணுக்குத் தெரியாதது என்பதே வேறுபாடு.

நம்மையும் விலக்கிக்கொள்வதற்கில்லை. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், பல வாரங்களாய் உறக்கமிழந்த பெண்ணொருத்தி நம்மிடம் வந்தாள். அவள் இரண்டு வாக்கியம் பேசுமுன் நாம் இருபது வாக்கியம் பேசினோம், ஜெபித்து அனுப்பினோம். அவள் மீண்டும் வரவில்லை. நாம் என்ன பேசினோம் என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை. கேட்பதற்கான ஏற்பாடும் இல்லை. பிரசங்கத்தைத் திருத்த ஆசிரியர் இருந்தார். உரையாடலைத் திருத்த ஒருவருமில்லை.

இத்தகைய ஏற்பாடு இறையியற் கல்விக்கு அந்நியமானதன்று. 1920இல் மனநோயால் மருத்துவமனையில் அடைபட்டு மீண்ட போதகர் ஆன்டன் பாய்சன், 1925இல் அமெரிக்காவின் உர்ஸ்டர் மனநல மருத்துவமனைக்கு நான்கு இறையியல் மாணவரை அழைத்துவந்து பயிற்றினார். நூல்களைக் கற்பதுபோல் துன்புறும் மனிதரையும் கருத்தூன்றிக் கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. மேற்பார்வையோடு கூடிய மேய்ப்புப்பணிப் பயிற்சி அவ்வாறு தோன்றி வளர்ந்தது. அதனின்று நாம் பாடத்தை எடுத்துக்கொண்டோம், மேற்பார்வையை விட்டுவிட்டோம்.

4. செய்யத்தக்கவை

முதலாவது, ஆயர்கள் மூவர் நால்வராய்த் திங்கள்தோறும் கூடி, பெயரும் அடையாளமும் மறைத்து, தாம் நடத்திய ஓர் உரையாடலை எழுத்தில் வைத்து ஆராயலாம். அனுபவமிக்க உளவியலார் ஒருவரை அக்குழுவிற்கு அழைக்கலாம். அவர் நமக்கு மேற்பார்வையின் ஒழுக்கத்தைக் கற்பிப்பார். தறிக்காரரின் மொழியை நாம் அவருக்குக் கற்பிப்போம். இரு பயிற்சிகளின் குறையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று நிரப்பும். இரண்டாவது, ஒவ்வோர் ஆயரும் தம் மாவட்டத்து மனநலப் பிரிவு இயங்கும் இடத்தையும் நாளையும், 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண்ணான 14416ஐயும் அறிந்திருத்தல் வேண்டும். தற்கொலை எண்ணம் வெளிப்படுமிடத்து ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. அவரைத் தனியே விடாமல் உடன் செல்லவேண்டும்.

ஆற்றுப்படை என்பது தமிழில் பழைய இலக்கிய வகை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அவ்வகையின. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொருவனை அவ்வள்ளலிடம் செலுத்துவது அதன் பொருள். வழிகாட்டுபவன் தானே வள்ளலாய் நடிப்பதில்லை. தான் நடந்து வந்த வழியை மட்டும் சொல்கிறான். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தது சரியான ஆற்றுப்படுத்துதல். வாய் திறந்த பின்னரே அவர்கள் தவறினர். எங்கே அமைதியாயிருப்பது, எங்கே பேசுவது, எங்கே கைபிடித்து அடுத்த வாயிலுக்கு அழைத்துச்செல்வது என்பதை எவரும் தாமாகவே கற்றுவிடுவதில்லை. நம் செவியையும் ஒருவர் சோதிக்க இடங்கொடுப்போமா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி. எடப்பாடியிலிருந்து ‘மனசே செரியில்லீங்க’ என்று வருபவர் அதன் விடைக்காகக் காத்திருக்கிறார்.