தொலைந்த பாஸ்வேர்டும் முன்புறத்துப் பொத்தானும்

விற்பனை நின்று பல வருஷங்களாகிவிட்ட சிஸ்கோ காடலிஸ்ட் 2960 ஸ்விட்சின் போர்ட்டுகளையும் வேகத்தையும் விவரிப்பது அநாவசியம். அவை யாவரும் அறிந்தவை. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் மேல வீதியிலும் நடக்கும் எங்கள் அச்சகத்தில் சில வாரங்களாக அதனோடு பழகியதில், அதன் ஒரு விசேஷ குணம் என் மனத்தை முழுவதும் ஆட்கொண்டுவிட்டது. பூட்டியவர் போய்விட்டாலும், உள்ளிருக்கும் அமைப்பில் ஓர் எழுத்தும் அழியாமல், சொந்தக்காரனை அது உள்ளே விடுகிறது.

சிதம்பரத்து ஸ்விட்சை அமைத்துக் கொடுத்த இளைஞர் வளைகுடா நாட்டு வேலைக்குப் போய்விட்டார்; பாஸ்வேர்டு எவரிடமும் இல்லை. பில்லிங், காமிரா, அச்சு இயந்திரங்கள் ஆகியவற்றை எந்தெந்த போர்ட்டில் பிரித்து வைத்தார் என்ற விவரமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மலிவான ரவுட்டர்களின் பின்புறத் துவாரத்தில் குண்டூசியை விட்டு அழுத்தினால் பாஸ்வேர்டோடு அத்தனை அமைப்பும் அழிந்துபோகிறதே, அதை மீட்பு என்று சொல்ல எனக்கு ஒருபோதும் மனம் வராது.

இங்கே அப்படியன்று. கன்ஸோல் கேபிளை லாப்டாப்பில் இணைத்து, வேகத்தை 9600 என்று வைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, முன்புறத்து 'மோட்' பொத்தானை அழுத்தியபடியே மறுபடி செருகினால், ஸிஸ்டம் விளக்கு கணநேரம் ஆம்பர் நிறம் காட்டிப் பின் நிலையான பச்சையாகிறது. அப்போது கையை எடுத்து, ஃப்ளாஷைத் திறந்து, கான்ஃபிகரேஷன் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு பூட் செய்தால், பழைய கோப்பைக் காணாத ஸ்விட்ச் புதிதுபோல் எழுந்து பாஸ்வேர்டு கேளாமலே அநுமதிக்கிறது. பிறகு கோப்புக்குப் பழைய பெயரைத் திருப்பித் தந்து, அதை ஓடும் நினைவில் ஏற்றி, புதிய பாஸ்வேர்டை இட்டுச் சேமித்தால் காரியம் முடிந்தது. பழைய பாஸ்வேர்டு இன்னதென்று கடைசிவரை தெரிவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

என் மனத்தை உறுத்தும் குறை ஒன்று உண்டு. பொத்தான் முன்னால், பவரும் கன்ஸோலும் பின்னால், ஆன்-ஆஃப் ஸ்விட்ச் அடியோடு இல்லை. சுவரோரம் நிற்கும் ராக்கில் நான் பின்புறம் கையை நுழைத்துக் கார்டைத் துழாவ, முன்னால் பொத்தானைப் பிடித்திருந்த பையன், "அண்ணே, பச்சை வந்துடுச்சு, விட்டுடவா?" என்று கேட்கும்படி, ஓராள் வேலையை ஈராள் வேலையாக்கிய இந்த வடிவமைப்புக்குச் சமாதானம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியருகே வந்தவன் எவனும் உள்ளே புகலாமே என்பது நியாயமான ஆக்ஷேபம். இவ்வழியை அடைக்க ஒரு கட்டளை உண்டு. அடைத்தபின் சொந்தக்காரனுக்கும் முழுவதையும் அழிப்பது ஒன்றே கதி. 2008-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகராட்சியில் டெர்ரி சைல்ட்ஸ் என்ற பொறியாளர் பாஸ்வேர்டுகளைத் தர மறுத்துச் சிறைக்குப் போய், பின்னர் மேயர் ஒருவரிடமே அவற்றை ஒப்படைத்தார். நகரத்துக்குச் சொந்தமான கருவிகளுக்குள் நகரமே புக முடியாத அந்த விபரீதத்தை நினைக்கும்போது, சிறு ஸ்தாபனங்கள் அக்கட்டளையைத் தொடாமல், ராக் இருக்கும் அறையைப் பூட்டுவதே உசிதம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பழையது வாங்குவோர் கன்ஸோல் கேபிளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இன்றைய லாப்டாப்புகளுக்கு யுஎஸ்பி கன்வெர்ட்டரும் வேண்டும். மென்பொருள் திருத்தங்கள் இனி வரப்போவதில்லையாதலால், இதன் நிர்வாக முகவரியை வெளி இண்டர்நெட்டுக்குத் திறந்துவைக்காதீர்கள். எங்கள் கான்ஃபிகரேஷனின் பிரதி ஒன்று இப்போது மஞ்சக்குப்பத்துக் கணக்கர் பீரோவில் இருக்கிறது.